திருகோணமலையில் இருந்து சர்க்கிட் போட் வரையப் பழக எந்த மென்பொருள் சரி?

என் மேசை லாச்சிக்குள் ஐந்து பச்சைப் பலகைகள் கிடக்கின்றன. ஐந்திலும் ஒரே பிழை. வோல்டேஜை ஒரே அளவில் நிறுத்தி வைக்கும் 1117 வகை வோல்டேஜ் ரெகுலேட்டர் ஒன்றை அவற்றில் வைத்திருந்தேன். ஒரு பக்கம் மூன்று கால், எதிர்ப் பக்கம் அகலமான ஒரு உலோக நாக்கு. பழைய 7805 ரெகுலேட்டரில் அந்த உலோகப் பகுதி தரை (கிரவுண்ட்) இணைப்பு. கை அதற்கே பழகியிருந்தது. 1117இல் அந்த நாக்கு வெளியீட்டோடு சேர்ந்தது. அதைப் பார்க்காமல் தரையோடு இணைத்து வரைந்து அனுப்பிவிட்டேன். போட் வந்து கரண்ட் கொடுத்ததும் 3.3 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் ஷோர்ட்.

அந்தப் பொதி சீனாவில் இருந்து என் கைக்கு வர மூன்று கிழமைக்கு மேல் எடுத்தது. திருத்தி மறுபடி செய்வித்து எடுக்க இன்னொரு மூன்று கிழமை. சீனாவில் போட் அடிக்கும் ஷென்சென் நகரத்தில் இருக்கும் ஒருவர் இதே பிழையை விட்டால் இரண்டொரு நாளில் புதுப் போட்டைக் கையில் எடுத்துவிடுவார். நமக்கு ஒரு பிழை என்றால் ஏறக்குறைய ஒரு மாதம் போய்விடுகிறது.

ஆகவே "எந்த மென்பொருளில் தொடங்குவது?" என்று யாராவது கேட்டால், எது அழகு, எது இலேசு என்பதை நான் இரண்டாவதாகத்தான் பார்க்கிறேன். வரைந்ததை அனுப்புமுன் எந்த மென்பொருள் அதிகப் பிழைகளைப் பிடித்துத் தருகிறது என்பதே முதல் கேள்வி. மின்னணுப் பாகக் கடைகள் உள்ள கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு பாகம் குறைந்தால் நடந்து போய் வாங்கிவிடலாம். இங்கிருந்து அதற்கே இரவு ரயில் ஏற வேண்டும்.

இதைப் பற்றி எழுதத் தூண்டியது போன மாதம் பாலையூற்றில் என் வீட்டு விறாந்தைக்கு வந்த ஒரு தம்பி. உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு படிக்கிறார். தகப்பன் திருக்கடலூர்ப் பக்கம் படகு வைத்திருக்கிறார். இரவில் வெளிச்சத்துக்கு வைக்கும் 12 வோல்ட் பட்டரியை முழுக்க வடியவிட்டு வடியவிட்டு, வருசத்துக்கு ஒன்றை மாற்றுகிறார்களாம். ஈயப் பட்டரி 11 வோல்ட்டுக்குக் கீழே அடிக்கடி இறங்கினால் தகடுகளில் சல்பேட் படிந்து ஆயுள் குறையும். "அண்ணா, அந்த இடத்தில தானாக வெட்டிவிடுற ஒரு சின்ன போட்டை நானே செய்யலாமா?" என்று கேட்டார். செய்யலாம். இருபது பாகம் கூட வராது. இரண்டு வோல்டேஜை ஒப்பிடும் ஒரு ஐசி, ஒப்பிட மாறாத வோல்டேஜ் தரும் ஒரு ரெஃபரன்ஸ், சுவிட்ச் போல வெட்டும் ஒரு மொஸ்ஃபெட், ஃபியூஸ், சில தடையிகள். பழகுவதற்கு இதைவிட நல்ல முதல் வேலை கிடைக்காது. அந்த ஒரு போட்டை மனதில் வைத்துக்கொண்டே கீழே உள்ளவற்றை ஒப்பிடுகிறேன்.

முதலில் ஒதுக்க வேண்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன். ஈகிள் ஒரு காலத்தில் எல்லோரும் பழகிய மென்பொருள். 2016இல் ஆட்டோடெஸ்க் அதை வாங்கியது. 2026 ஜூன் 7உடன் நிறுத்துவதாக 2023இலேயே அறிவித்தது. பழைய புத்தகங்களும் வீடியோக்களும் அதைத்தான் காட்டும், புதிதாகத் தொடங்குபவர் அதற்குள் போகத் தேவையில்லை. விலை கூடிய மென்பொருள்களின் உடைத்த பிரதிகளும் கைமாறித் திரிகின்றன. அவற்றைத் தொட வேண்டாம் என்று பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லுகிறேன். வைரஸ் ஒரு பக்கம். நாளைக்கு வேலைக்குப் போகும் இடத்தில் "இதில்தான் பழகினேன்" என்று நிமிர்ந்து சொல்ல முடியாத ஒன்றில் இரண்டு வருசத்தைப் போடுவது எனக்கு மனம் பொறுக்காத விசயம்.

திறந்த மூல மென்பொருளின் அருமை இங்கேதான் தெரிகிறது. ஒருவர் நல்ல இணைப்புள்ள இடத்தில் ஒரு தடவை இறக்கினால் போதும். பென் டிரைவில் போட்டுப் பன்னிரண்டு பேருக்குக் கொடுக்கலாம். அது களவு இல்லை, உரிமமே அதற்கு இடம் தருகிறது. டேட்டா கார்ட் போட்டுப் படிக்கிற ஊருக்கு இது சின்ன விசயமா?

ஃப்ரிட்சிங்கைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். 2007 அளவில் ஜெர்மனியின் பொட்ஸ்டாம் நகரத்துப் பிரயோக அறிவியல் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது அது. சோல்டர் பிடிக்காமல் சுற்றைக் குத்திப் பார்க்கும் ப்ரெட்போட்டில் வயர் குத்துவதை அப்படியே திரையில் படமாகக் காட்டும். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு ஆர்டுயினோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகையும் எல்ஈடியும் எப்படி இணைகின்றன என்று காட்ட இதற்கு நிகர் இல்லை. மூலநிரல் இலவசம் என்றாலும், தயார் நிலையில் உள்ள பிரதியை அவர்களின் தளத்தில் எடுக்க ஒரு சிறு தொகை கேட்கிறார்கள். அந்தக் காசு மென்பொருளைப் பராமரிக்கப் போகிறது, அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. குறை வேறு இடத்தில். அதன் நூலகத்தில் இல்லாத ஒரு பாகம் வேண்டுமென்றால் படம் படமாக வரைந்து சேர்க்க வேண்டும், அது சிரமமான வேலை. சரிபார்ப்பும் மேலோட்டமானது. இரண்டு செப்பு அடுக்குக்கு மேல் போக முடியாது. படகுப் போட்டை இதில் வரையலாம்தான். ஆனால் ப்ரெட்போட் படத்தில் பழகிய கண் சுற்று வரைபடத்தைப் படிக்கச் சோம்பல் படும். சுற்று வரைபடத்தைப் படிக்கத் தெரியாமல் இந்தத் துறையில் எங்கும் போக முடியாது.

ஈசிஈடிஏ திறந்த மூலம் இல்லை. இருந்தும் இதை விட்டுவிட்டு ஒப்பிட்டால் அது நேர்மையான ஒப்பீடாகாது, ஏனென்றால் இளம் பிள்ளைகள் பெரும்பாலும் முதலில் காண்பது இதைத்தான். உலாவியைத் திறந்தால் வேலை தொடங்கிவிடும். பாகங்களை விற்கிற, போட்டை அடிக்கிற சீன நிறுவனங்களோடு நேராக இணைக்கப்பட்டது. ஒரு பாகத்தைத் தேடினால் விலையும் கையிருப்பும், போட்டில் அதன் கால்கள் உட்காரும் செப்பு அச்சும் சேர்ந்தே வரும். பிழை பிடிக்கும் கணக்கில் இது பெரிய நன்மை, மறுக்க மாட்டேன். நாளைக்கே ஒரு போட் வேண்டும் என்ற அவசரத்தில் இருப்பவர் இதைப் பாவித்தால் நான் குறை சொல்லமாட்டேன். என்றாலும் உலாவியில் பாவித்தால் நீங்கள் வரைந்தது இன்னொருவரின் சேமிப்பில் இருக்கிறது. மழைக்காலத்தில் கரண்ட் போய், கோபுரத்தில் சிக்னலும் போன ஒரு மாலையில் உங்கள் கையில் எதுவும் இருக்காது. இதில் வரைந்து வைத்திருப்பவர்கள் பயப்படவும் வேண்டாம்: கீழே நான் சொல்லப்போகும் கீகேட் என்ற திறந்த மூல மென்பொருள் தன் 8ஆம் பதிப்பில் இருந்து ஈசிஈடிஏ கோப்புகளை உள்ளே எடுக்கிறது.

ஹொரைசன் ஈடிஏ என்று இன்னொன்று உண்டு. நன்றாகச் செய்யப்பட்டது. ஆனால் சிக்கிக்கொண்டால் கேட்க ஆள் கிடைப்பது கடினம், அதனால் இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

மிச்சம் இரண்டு: லிப்ரெபீசீபியும் கீகேட்டும். உண்மையான தீர்மானம் இவை இரண்டுக்கும் இடையில்தான்.

லிப்ரெபீசீபி 2013இல் சுவிஸ் பொறியியலாளர் ஒருவர் தொடங்கியது. 1.0 பதிப்பு 2023இல் வந்தது. இதை நான் நேசிக்கிறேன் என்றே சொல்லலாம். கீகேட்டோடு பார்க்கும்போது இதன் இறக்கம் மிகச் சிறியது. வேண்டிய பாக நூலகத்தை மட்டும் பிறகு தனித்தனியாக எடுத்துக்கொள்ளலாம். பாடசாலைகளில் கிடக்கும் பழைய மடிக்கணினியிலும் ஓடும். திரையில் பட்டன்கள் குறைவு, தொடங்குபவர் திகைக்கமாட்டார். எனக்கு இதில் மிகவும் பிடித்தது நூலகத்தை இது பிரித்து வைத்திருக்கும் முறை. வரைபடத்தில் காணும் சின்னம் ஒன்று. அந்தப் பாகம் மின்னியலாக என்ன என்பது இரண்டாவது. கால்கள் உட்காரும் செப்பு அச்சு மூன்றாவது. இந்த அச்சில் இந்தக் கால் இந்த வேலை என்று பொருத்துவது நாலாவது. என் லாச்சியில் கிடக்கும் ஐந்து போட்டும் வீணாய்ப் போனது அந்த நாலாவது படியில். இந்த மென்பொருளில் அந்தப் படியைத் தாண்டிப் போக முடியாது, நின்று ஒவ்வொரு காலாகச் சொல்லிவிட்டுத்தான் போகலாம். கற்பவருக்கு அது ஒரு நல்ல வாத்தியார் பக்கத்தில் நிற்பது மாதிரி.

குறைகளும் உண்டு. தயாராக உள்ள பாகங்கள் குறைவு. செப்புப் பாதை இழுக்கும்போது முன்னால் நிற்கிற பாதைகளைத் தள்ளி வழிவிடச் செய்யும் வசதி கீகேட்டில் உண்டு, இதில் நான் பாவித்த பதிப்புகளில் இல்லை. சுற்றை ஓட்டிப் பார்க்கும் சிமுலேஷனும் இல்லை. இருபது பாகப் போட்டுக்கு இவை ஒன்றும் தடையில்லை. இருநூறு பாகம் என்று வந்தால் கை கட்டுப்பட்ட மாதிரி இருக்கும்.

கீகேட் இவற்றுள் மூத்தது. 1992இல் பிரான்சின் கிரனோபிள் நகரத்தில் ஆசிரியராக இருந்த ஜான்-பியேர் ஷரா தொடங்கியது. 2013 அளவில் ஜெனீவாவில் உள்ள சேர்ன் ஆய்வுக்கூடம் உதவத் தொடங்கிய பிறகுதான் அது வேகமெடுத்தது. மேலே சொன்ன தள்ளி வழிவிடும் வசதி சேர்ன்காரர் எழுதிக் கொடுத்தது. ஒளியின் வேகத்துக்கு அருகே துகள்களை மோதவிடுகிற இடத்துக்குப் போட் வரைந்தவர்களின் கைவேலை, திருக்கடலூர்ப் படகின் பட்டரிப் போட்டுக்கும் ஒரு சதம் செலவில்லாமல் உதவுகிறது. இதை எத்தனை தரம் நினைத்தாலும் எனக்கு மனம் நிறைகிறது.

பிழை பிடிக்கும் கணக்கில் கீகேட்டை எதுவும் நெருங்கவில்லை. சுற்று வரைபடத்தில் ஒரு காலைத் தொங்கவிட்டிருந்தால் சொல்லும். இரண்டு வெளியீடுகளை ஒன்றோடொன்று இணைத்திருந்தால் சொல்லும். போட்டில் இரண்டு பாதைகள் அளவுக்கு மீறி நெருங்கினால், துளை ஓரத்துக்கு வந்துவிட்டால், வரைபடத்தில் உள்ளதும் போட்டில் உள்ளதும் ஒத்துவராவிட்டால் எல்லாவற்றையும் காட்டித் தரும். அதன் நூலகத்தில் 1117 ரெகுலேட்டருக்கான அச்சின் பெயரிலேயே "டேப்பின்2" என்று எழுதியிருக்கிறது, அதாவது நாக்கு இரண்டாம் காலோடு சேர்ந்தது என்று. அன்றைக்கு அந்த அச்சை எடுத்திருந்தால் தரையோடு இணைக்க நினைத்தாலும் விட்டிருக்காது. திரான்சிஸ்டரிலும் இதே கதை. பிசி547ஐத் தட்டை முகம் நம்மைப் பார்க்கப் பிடித்தால் அதன் மூன்று கால்களும் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என்3904 அப்படியே தலைகீழ்: எமிட்டர், பேஸ், கலெக்டர். கடைக்காரர் "ரெண்டும் ஒண்டுதான் தம்பி" என்று கொடுப்பார். கீகேட்டில் இரண்டுக்கும் தனித்தனிச் சின்னம் உண்டு, பெயரைப் பார்த்து எடுத்தால் பிழை நடக்காது.

அப்புறம் கணக்குப் போடும் ஒரு சிறு கருவியும் உள்ளேயே வருகிறது. படகுப் போட்டில் 5 அம்பியர் ஓடும் என்று வையுங்கள். சாதாரண 35 மைக்ரோன் செப்பில், சூடு 10 பாகைக்கு மேல் ஏறாமல் இருக்க, வெளிப் பாதை கிட்டத்தட்ட 2.8 மில்லிமீற்றர் அகலம் வேண்டும் என்று சொல்லும். தம்பி முதலில் இழுத்திருந்தது 0.25. ஒரு அம்பியருக்கே 0.3 வேண்டும். பார்த்ததும் அவர் முகம் மாறியது. அந்த ஒரு நிமிசத்தில் அவர் படித்ததை நான் ஒரு மணித்தியாலம் விளக்கியிருந்தாலும் ஏறியிருக்காது.

கீகேட்டின் குறைகளை மறைக்கக் கூடாது. விண்டோஸ் பிரதி ஒரு ஜிபியைத் தாண்டும், நிறுவினால் இன்னும் பல ஜிபி பிடிக்கும். அதில் பெரும் பங்கு முப்பரிமாண உருவங்கள். லினக்ஸில் அவற்றைத் தனியாக விட்டுவிடலாம், பழைய கணினிக்கு அது பெரிய நிம்மதி. முதல் நாள் திரையைப் பார்த்தால் பட்டன்கள் மலைப்பாக இருக்கும். வகுப்பு எடுப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: புதிய பதிப்பில் சேமித்த கோப்பைப் பழைய பதிப்பில் திறக்க முடியாது. 7, 8, 9 மூன்றும் 2023, 2024, 2025 பெப்ரவரிகளில் வந்தன, வருசத்துக்கு ஒன்று. வீட்டில் ஒரு பதிப்பு, பாடசாலையில் வேறு பதிப்பு என்றால் பிள்ளை கண்கலங்கி நிற்கும். எல்லோருக்கும் ஒரே பென் டிரைவில் இருந்து ஒரே பதிப்பைப் போடுங்கள்.

எந்த மென்பொருளை எடுத்தாலும் அது பிடிக்காத பிழை ஒன்று இருக்கிறது. கடையில் வாங்கிய பாகம் உண்மையில் என்ன அளவு என்பது எந்த மென்பொருளுக்கும் தெரியாது. ஃபியூஸ் தாங்கி, திருகு டெர்மினல், சுவிட்ச் மூன்றும் இதில் பெயர் போனவை. டெர்மினலில் கால் இடைவெளி 5.00, 5.08 என்று இரண்டு உண்டு. இரண்டு கால் என்றால் தெரியாது, எட்டுக் கால் வரிசை என்றால் கடைசிக் கால் அரை மில்லிமீற்றருக்கு மேல் தள்ளி நிற்கும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். வேணியர் இடுக்கிமானி ஒன்றை வாங்குங்கள், விலை குறைந்ததே போதும். போட்டை ஒன்றுக்கு ஒன்று அளவில் கடதாசியில் அச்சடித்து, ஒரு ரெஜிஃபோம் துண்டில் ஒட்டி, உண்மையான பாகங்களின் கால்களைக் குத்திப் பாருங்கள். அச்சு இயந்திரம் பக்கத்துக்கு ஏற்றபடி சுருக்கிவிடும் தெரிவை நிறுத்த மறக்காதீர்கள், ஓரத்தில் 50 மில்லிமீற்றர் கோடு ஒன்று போட்டு அதையும் அளந்து பாருங்கள். நூறு ரூபாய் கூடச் செலவில்லாத இந்த வேலை எனக்கு இரண்டு தரம் மாதக் கணக்கைக் காப்பாற்றியிருக்கிறது.

பொதிக்குக் காத்திருக்க மனமில்லாதவர்கள் வீட்டிலேயே ஃபெரிக் குளோரைட்டில் அரித்து எடுக்கலாம். லேசர் அச்சு, அதன் மையைச் செப்பில் பதிக்க இஸ்திரிப் பெட்டி, செப்புப் பலகை போதும். அப்படிச் செய்வதானால் பாதைகளை 0.8 மில்லிமீற்றருக்குக் குறையாமல் வையுங்கள், அந்த அளவைக் கீகேட்டின் விதிகளில் எழுதிவிட்டால் அதுவே காவல் நிற்கும். கீழ்ப்பக்கச் செப்பை அச்சிடும்போது கண்ணாடிபோல் திருப்பத் தேவையில்லை, இஸ்திரி போடும்போது அது தானாகத் திரும்பிவிடும். இதில் தடுமாறாதவர்களை நான் கண்டதில்லை. கரைசலைக் கிணற்றடியில் ஊற்றாதீர்கள், செப்பு கரைந்த தண்ணீர் அது.

இங்கத்தைய உப்புக் காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். வீட்டில் அரித்த வெறும் செப்பு நிலாவெளிக் கரையில் சில மாதத்தில் பச்சை பூக்கும். படகில் வைக்கிற போட் என்றால் செப்பை மூடும் சோல்டர் மாஸ்க்கும் ஈயப் பூச்சும் உள்ளதைச் செய்வித்து எடுப்பதே நல்லது. இரண்டு பக்கச் செப்பையும் இணைக்கும் வயாத் துளைகளை மாஸ்க்கால் மூடச் சொல்லுங்கள். டெர்மினல்களை எல்லாம் ஒரே ஓரத்துக்குக் கொண்டுவாருங்கள். பிறகு அந்த ஓரத்தை நாடா போட்டு மறைத்துவிட்டு, மிச்சம் முழுவதுக்கும் அக்ரிலிக் பூச்சு அடிக்கலாம். 100 மில்லிமீற்றர் சதுரத்துக்குள் அடங்கிய இரண்டு அடுக்குப் போட்டை ஐந்தாகச் சில டொலருக்கே சீனத் தொழிற்சாலைகள் அடித்துத் தருகின்றன, தபால் செலவு அதைவிடக் கூட வரும். ஆகவே இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரே பொதியில் எடுப்பது புத்தி. 230 வோல்ட் வீட்டு மின்சாரம் ஏறுகிற போட்டை மட்டும் முதல் வருசம் தொடவே வேண்டாம்.

என் தெரிவு இதுதான். பாடசாலையில் ஆர்டுயினோ படம் காட்ட வேண்டிய ஆசிரியருக்கு ஃப்ரிட்சிங். வேகம் குறைந்த பழைய கணினி மட்டுமே உள்ளவருக்கு, சின்னச் சின்னப் போட் போதும் என்பவருக்கு லிப்ரெபீசீபி, தயங்கவே வேண்டாம். மற்ற எல்லோருக்கும், குறிப்பாக இதைத் தொழிலாகவோ பல்கலைக்கழகப் படிப்பாகவோ கொண்டு போக நினைப்பவருக்கு, முதல் நாளில் இருந்தே கீகேட். இலேசான ஒன்றில் தொடங்கிப் பிறகு மாறலாம் என்று சிலர் சொல்கிறார்கள். அதில் பழகிய கையை மாற்ற எடுக்கும் காலத்தில் கீகேட்டின் முதல் மலைப்பைத் தாண்டிவிடலாம் என்பது நான் கண்டது. முதல் கிழமை சுற்று வரைபடம் மட்டும் வரையுங்கள், போட் பக்கமே போகாதீர்கள். அடுத்த கிழமை அச்சுகளைப் பொருத்தி, பாகங்களைக் கடதாசியில் குத்திப் பாருங்கள். பாதை இழுப்பது அதற்குப் பிறகு. தானாகப் பாதை இழுத்துத் தருகிற ஃப்ரீரவுட்டிங் மென்பொருளை முதல் மூன்று போட்டுக்குத் தொடாமல் இருந்தால் கரண்ட் எந்த வழியாக ஓடித் திரும்புகிறது என்பது கையில் ஊறும்.

தம்பி கீகேட்டைத்தான் எடுத்தார். அவருடைய மடிக்கணினி சுமாரானது, லினக்ஸ் போட்டு முப்பரிமாண உருவங்களை விட்டுவிட்டோம், நன்றாகவே ஓடுகிறது. சரிபார்ப்பில் முதல் தரம் 31 பிழை காட்டியது, நேற்று இரண்டாகக் குறைந்திருந்தது. இரண்டும் ஃபியூஸ் தாங்கியைச் சுற்றி. கையில் உள்ள தாங்கியின் கால் இடைவெளி நூலகத்தில் உள்ள எதனோடும் ஒத்துவரவில்லை, அந்த அச்சை அவரே வரைய வேண்டும். நாளைக்குப் பின்னேரம் என் இடுக்கிமானியை எடுத்துக்கொண்டு போக வருகிறார்.